குற்றம் இரத்தத்தில் ஓடுகிறதா?

நம்முடைய குடும்பங்களில் இரண்டு சந்தர்ப்பங்களில் ஒரே பேச்சு எழுகிறது. கலியாணப் பேச்சு நடக்கும்போது, "அந்த வீட்டில் ஒருவன் மறியலுக்குப் போனவனாமே, அந்த இரத்தம் நமக்கு எதற்கு?" என்கிறோம். பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் அடுத்தவன் பேனையைத் திருடி அகப்பட்டுக்கொண்டால், "தகப்பன் யாரென்று தெரியாதா? விதை ஒன்று போட்டால் சுரை ஒன்று முளைக்குமா?" என்கிறோம். சொல்கிறவர்கள் கெட்டவர்கள் அல்லர். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர்கள்தாம். ஆனாலும் அந்தச் சொல்லில் ஒரு பெரிய தத்துவம் அடங்கியிருக்கிறது. குற்றம் மனிதனுடைய தீர்மானத்தில் பிறப்பதில்லை, அவன் உடம்பிலேயே பிறந்துவிடுகிறது என்பதே அந்தத் தத்துவம்.

இன்று இதே கருத்து விஞ்ஞான உடை உடுத்திக்கொண்டு வருகிறது. பரம்பரையலகு, நிறமூர்த்தம், மூளையின் முன்பகுதி, இரத்தத்திலுள்ள இரசாயனப் பொருள்கள் என்று பத்திரிகைகளிலும் தொலைக்காட்சியிலும் பேசப்படுகிறது. "கொலைகாரனின் மூளை வேறுவிதமானது" என்று படித்த பிள்ளை வீட்டில் வந்து கேட்கிறான்: "அப்படியானால் அவன் செய்தது பாவமா, நோயா? நோய் என்றால் தண்டனை ஏன்? பாவசங்கீர்த்தனம் ஏன்?" இந்தக் கேள்வியை அதட்டி அடக்கிவிடக் கூடாது. நிதானமாக ஆராய்ந்து பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது.

ஒரே ஆண்டில் இரண்டு கட்டடங்கள்

கண்டி நகரின் நடுவே இருந்த போகம்பரைச் சிறைச்சாலையை நம்மில் பலர் வெளியிலிருந்தாவது பார்த்திருக்கிறோம். ஆங்கிலேயர் அதைக் கட்டியது 1876ஆம் ஆண்டில். 2014ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அது மூடப்பட்டு, கைதிகள் மடவளைக்கு அண்மையிலுள்ள பல்லேகலைக்கு மாற்றப்பட்டார்கள்.

அதே 1876ஆம் ஆண்டில்தான் இத்தாலியில் செசாரே லொம்புரோசோ என்ற வைத்தியர் 'குற்றவாளி மனிதன்' என்னும் நூலை வெளியிட்டார். போகம்பரை கல்லால் கட்டிய சிறை என்றால், இது கருத்தால் கட்டிய சிறை. தெற்கு இத்தாலியின் கலாபிரியாவைச் சேர்ந்த வில்லெல்லா என்ற ஏழையின் மண்டையோட்டை அவர் பரிசோதித்தபோது, பின்புறத்தில் சாதாரணமாகக் காணப்படாத ஒரு சிறு குழியைக் கண்டார். அதைக் கொண்டு, குற்றவாளி என்பவன் மனித குலத்தின் முந்திய காட்டு நிலைக்குத் திரும்பிப் பிறந்தவன் என்று முடிவு கட்டினார். பெரிய தாடை, நீண்ட கை, விரிந்த காது ஆகியவையெல்லாம் பிறவிக் குற்றவாளியின் அடையாளங்கள் என்றார். வடக்கு இத்தாலியர் தெற்கத்தியரை ஏளனமாகப் பார்த்த காலம் அது. அந்த ஏளனம் விஞ்ஞானத்தின் பெயரால் மண்டையோட்டில் எழுதப்பட்டது.

இந்தக் கொள்கையைச் சோதித்துப் பார்த்தவர் சாள்ஸ் கோரிங் என்ற ஆங்கிலச் சிறை வைத்தியர். ஏறத்தாழ 3,000 கைதிகளை அளந்து, குற்றம் செய்யாதவர்களோடு ஒப்பிட்டு, 1913இல் தம் முடிவை வெளியிட்டார். லொம்புரோசோ சொன்னபடி தனியான உடலமைப்புக் கொண்ட குற்றவாளி இனம் ஒன்றும் இல்லை என்பதே அவர் கண்டது. முகத்தைப் பார்த்துக் கள்ளனைக் கண்டுபிடிக்கலாம் என்ற விஞ்ஞானம் அத்தோடு ஆட்டம் கண்டது. ஆனால் அந்த எண்ணம் மட்டும் சாகவில்லை.

பிறப்பிலேயே கைரேகை

இத்தாலியில் மண்டையோட்டை அளந்துகொண்டிருந்த காலத்தில் இந்தியாவில் வேறொரு வழியில் அதே காரியம் நடந்தது. 1871ஆம் ஆண்டில் பிரித்தானிய அரசு குற்றப்பரம்பரைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. தச்சன் மகன் தச்சனாவதுபோல் கள்ளன் மகன் கள்ளனாவான், இந்த நாட்டில் குற்றமும் ஒரு சாதித் தொழிலே என்பதுதான் அதிகாரிகள் சொன்ன நியாயம். அவர்கள் மூளையை ஆராயவில்லை, பிறப்பையே சாட்சியாக எடுத்துக்கொண்டார்கள். 1911இல் அந்தச் சட்டம் சென்னை மாகாணத்துக்கும் விரிவாக்கப்பட்டது.

ஒரு சமூகம் பட்டியலில் சேர்க்கப்பட்டால் அதன் ஆண்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும், கைரேகை வைக்க வேண்டும், குறித்த நேரத்தில் ஆஜராக வேண்டும். ஊர்விட்டு ஊர் போவதற்கு அனுமதிச் சீட்டு வேண்டும். பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துச் சீர்திருத்தப் பள்ளிகளில் வைக்கவும் அந்தச் சட்டம் இடம் கொடுத்தது. திருடியவனை மட்டுமன்றி, திருடாதவனையும், இனிப் பிறக்கப்போகிறவனையும் அது கட்டியது. மதுரைப் பகுதியில் பிரமலைக் கள்ளர் இச்சட்டத்தின்கீழ் கொண்டுவரப்பட்டபோது, உசிலம்பட்டிக்கு அண்மையிலுள்ள பெருங்காமநல்லூர் மக்கள் கைரேகை வைக்க மறுத்தார்கள். 1920ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் திகதி பொலிஸார் சுட்டதில் மாயக்காள் என்ற பெண் உட்படப் பதினாறு பேர் மாண்டதாக அவ்வூர் நினைவுகூருகிறது. சென்னை மாகாணத்தில் 1947இலும், இந்தியா முழுவதிலும் 1952இலும் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது.

மலையகத் தமிழருக்கு இது தூரத்துக் கதையன்று. நம் முன்னோரில் பலர் தோட்டத்துக்கு வந்தது மதுரை, திருச்சி, சேலம் பகுதிகளிலிருந்துதான். அதோடு, "உன் தகப்பன் எங்கே பிறந்தான், பாட்டன் எங்கே பிறந்தான்?" என்று கேட்டே 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் நம்மவரை நாடற்றவராக்கியது. பிறப்பைக் கொண்டு ஒரு மனிதனுக்கு விலை போடுவது எவ்வளவு கொடுமை என்று நாமே அனுபவித்தவர்கள். அப்படிப்பட்ட நாம் அடுத்தவன் பிள்ளையின் பிறப்பைச் சொல்லிக் காட்டலாமா?

இன்னும் கிட்ட வந்து பார்ப்போம். 2018ஆம் ஆண்டு பெப்ரவரியில் தெல்தெனியாவில் சில இளைஞர் தாக்கியதில் ஒரு லொறிச் சாரதி படுகாயமடைந்து மார்ச் தொடக்கத்தில் இறந்தார். அடித்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். ஆனால் பழி ஒரு சமூகம் முழுவதன்மேலும் விழுந்தது. திகணையிலும் சுற்றுப்புறங்களிலும் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. மார்ச் 6ஆம் திகதி நாட்டில் அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. "அவர்கள் எல்லாரும் அப்படித்தான்" என்ற ஒரு வாக்கியம் எவ்வளவு தீயை மூட்டும் என்று மடவளையைச் சுற்றி வாழ்கிறவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. பரம்பரையலகு என்று சொன்னாலும், இரத்தம் என்று சொன்னாலும், இனம் என்று சொன்னாலும், செய்தவனை விட்டுப் பிறப்பைக் குற்றஞ்சாட்டும் அந்த எண்ணம் ஒன்றே.

விஞ்ஞானம் மெய்யாகச் சொல்வது என்ன?

கெட்ட அரசுகள் கையாண்டன என்பதற்காக ஒரு கருத்து பொய்யாகிவிடாது. ஆகவே இந்த ஆராய்ச்சிகள் உண்மையில் என்ன கண்டன என்று பார்ப்பதே நேர்மை.

இரட்டைப் பிள்ளைகளிலிருந்து தொடங்குவோம். 1929இல் யோகான்னெஸ் லாங்கே என்ற ஜெர்மன் வைத்தியர் 'குற்றமே விதி' என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு நூல் எழுதினார். ஒரே கருவிலிருந்து பிறந்த 13 இரட்டையர் சோடிகளில், ஒருவர் சிறை சென்றிருக்க மற்றவரும் சிறை சென்றது 10 சோடிகளில். வெவ்வேறு கருவில் பிறந்த 17 சோடிகளில் அப்படி இருந்தது 2 மட்டுமே. வித்தியாசம் பெரிதுதான். ஆனால் விதி என்றால் பதின்மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டுமே, மீதி மூன்று எங்கே போயிற்று? அதுமட்டுமன்று, ஒரே முகமுள்ள இரட்டையர் ஒரே வீட்டில், ஒரே உடையில், ஒரே கூட்டாளிகளோடு வளர்கிறவர்கள். எது பிறப்பு, எது வளர்ப்பு என்று அதில் பிரிப்பது கடினம்.

இங்கே புனித அகுஸ்தினாரை நினைக்காமல் இருக்க முடியாது. இளமையில் அவர் சோதிடத்தை நம்பினார். ஒரே வேளையில் ஒரு செல்வந்தர் வீட்டிலும் ஒரு அடிமையின் குடிசையிலும் பிறந்த இரு பிள்ளைகள் வெவ்வேறு வாழ்வு வாழ்ந்த கதையை நண்பர் ஒருவர் சொல்லக் கேட்டார். ஏசா, யாக்கோபு என்ற இரட்டையரையும் எண்ணிப் பார்த்தார். நட்சத்திரம் மனிதனை ஆள்வதானால் ஒரே வேளையில் பிறந்தவர்கள் ஒரே மாதிரி வாழவேண்டுமே என்று கேட்டுச் சோதிடத்தைக் கைவிட்டார். பதினாறு நூற்றாண்டுகளுக்கு முன் வானத்து எழுத்தைப் பற்றி அவர் கேட்ட கேள்வியையே உடம்பிலுள்ள எழுத்தைப் பற்றியும் நாம் கேட்கலாம்.

பிறப்பையும் வளர்ப்பையும் பிரித்துப் பார்க்க நல்ல வழி தத்துப் பிள்ளைகளைப் பார்ப்பது. டென்மார்க்கில் 14,427 தத்துப் பிள்ளைகளின் நீதிமன்றப் பதிவேடுகளை ஆராய்ந்து 1984இல் மெட்னிக் என்பவரும் கூட்டாளிகளும் வெளியிட்ட கணக்கு பிரசித்தமானது. பெற்றவர்களும் வளர்த்தவர்களும் குற்றவாளிகளாக இல்லாத மகன்மாரில் 13.5 வீதத்தினர் தண்டனை பெற்றிருந்தார்கள். பெற்றவர் மட்டும் குற்றவாளியாக இருந்தால் அது 20 வீதம். இரு பக்கமும் குற்றவாளிகளானால் 24.5 வீதம். ஆகவே பிறப்புக்கு ஒரு பங்கு உண்டு என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அதே கணக்கை மறுபுறம் திருப்பிப் பாருங்கள். குற்றவாளிக்குப் பிறந்த மகன்மாரில் நூற்றுக்கு எண்பது பேர் எந்தத் தண்டனையும் பெறவில்லை. மேலும், பெற்றவரோடு தொடர்பு காணப்பட்டது களவு போன்ற சொத்துக் குற்றங்களில்தான். அடிதடி, கொலை போன்ற வன்செயல்களில் அப்படித் தொடர்பு காணப்படவில்லை. கலியாணப் பேச்சில், "கொலைகாரன் இரத்தம்" என்று பேசுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அடுத்து நிறமூர்த்தக் கதை. ஆணுக்கு எக்ஸ் ஒன்றும் வை ஒன்றும் இருக்கும். சிலர் வை இரண்டோடு பிறக்கிறார்கள். 1965இல் ஸ்கொத்லாந்தின் கார்ஸ்டெயர்ஸ் வைத்தியசாலையில் அடைக்கப்பட்டிருந்த மனவளர்ச்சி குன்றிய 197 ஆண்களில் 7 பேர் இப்படி இருப்பதாகக் கண்டார்கள். உடனே 'கொலைகார நிறமூர்த்தம்' என்று உலகப் பத்திரிகைகள் கொட்டை எழுத்தில் போட்டன. மறு ஆண்டு சிக்காகோவில் எட்டுத் தாதிமாணவியரைக் கொன்றவனுக்கும் அதுவே காரணம் என்று எழுதினார்கள். பரிசோதித்தபோது அவனுடைய நிறமூர்த்தங்கள் சாதாரணமாகவே இருந்தன. 1976இல் டென்மார்க்கில் 4,139 உயரமான ஆண்களைப் பரிசோதித்தார்கள். அவர்களில் இப்படிப்பட்ட பன்னிருவர் இருந்தார்கள். அவர்கள் விசேஷமாக வன்முறையாளர் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஆயிரம் ஆண்களில் ஒருவர் இப்படிப் பிறக்கிறார். பெரும்பாலோர் தமக்கு அப்படி இருப்பதே தெரியாமல் வாழ்ந்து முடிக்கிறார்கள்.

இன்று அதிகம் பேசப்படுவது மூளையின் இரசாயனங்களைச் சிதைக்கும் ஒரு நொதியத்தின் பரம்பரையலகு. 1993இல் ஒல்லாந்துக் குடும்பம் ஒன்றில் இந்த நொதியம் முற்றாக இல்லாத ஆண்கள் சிலர் அடக்கமுடியாத மூர்க்கம் காட்டியதை வைத்தியர் புருன்னர் கண்டார். அது மிக மிக அரிதான நிலை. சற்றுக் குறைவாக வேலை செய்யும் வகையோ ஆண்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு இருக்கிறது. நியூசிலாந்தின் டனிடின் நகரில் பிறப்பிலிருந்து கவனிக்கப்பட்ட 442 ஆண் பிள்ளைகளைப் பற்றி 2002இல் ஓர் ஆய்வு வந்தது. அந்தக் குறைந்த வகையும், சிறுவயதில் வீட்டில் அடியும் கொடுமையும் பட்ட அனுபவமும் சேர்ந்து இருந்தவர்கள் 12 வீதத்தினரே. வன்செயலுக்காகக் கிடைத்த தண்டனைகளில் 44 வீதம் அவர்களுடையவை. அதே பரம்பரையலகோடு பிறந்து, அன்பான வீட்டில் வளர்ந்தவர்களிடம் அந்த ஆபத்துக் காணப்படவில்லை. பின்வந்த ஆய்வுகள் எல்லாம் இதே அளவு முடிவைத் தரவில்லை என்பதையும் சொல்லவேண்டும். ஆனால் பொதுவான பாடம் தெளிவு: விதை மட்டும் முளைப்பதில்லை, மண்ணும் நீரும் வேண்டும். அந்த மண் நம்முடைய வீடு.

காரணம் வேறு, சாக்கு வேறு

இங்கே ஒரு பலமான ஆட்சேபனை உண்டு. அதை மறைக்காமல் சொல்வோம்.

அமெரிக்காவின் வேர்ஜீனியாவில் நாற்பது வயதான ஓர் ஆசிரியருக்குத் திடீரென்று சிறுபிள்ளைகள்மேல் தகாத இச்சை எழுந்தது. முன்பு அப்படி இருந்தவரல்லர். தண்டிக்கப்பட்டு, சிறை செல்ல வேண்டிய நாளுக்கு முந்திய இரவு கடும் தலைவலியோடு வைத்தியசாலைக்கு வந்தார். மூளையின் முன்பகுதியில் பெரிய கட்டி இருந்தது. அதை அகற்றியபின் இச்சை மறைந்தது. சில மாதங்களின்பின் இச்சை திரும்பி வந்தபோது சோதித்தால், கட்டியும் மறுபடி வளர்ந்திருந்தது. மீண்டும் அகற்ற, இச்சையும் நீங்கியது. 2003இல் வைத்தியர்கள் இதை எழுதினார்கள். "கட்டி இருந்தவன் பொறுப்பாளியல்லன் என்றால், கெட்ட பரம்பரையலகு இருப்பவன் மட்டும் எப்படிப் பொறுப்பாளி? இரண்டும் உடம்புதானே?" என்பதே ஆட்சேபனை.

பதில் இதுதான். மனிதன் செய்யும் ஒவ்வொரு செயலுக்கும் மூளையில் ஒரு காரணம் இருக்கத்தான் செய்யும். பகைவனை மன்னிக்கிறவனுடைய மன்னிப்பும் மூளை வழியாகத்தான் நடக்கிறது. காரணம் இருப்பதே பொறுப்பை நீக்கிவிடுமானால் பாவம் மட்டுமன்று, புண்ணியமும் இல்லாமல் போகும். ஆகவே, "உடம்பில் காரணம் உண்டா?" என்பது சரியான கேள்வியன்று. "அந்த வேளையில் அவன் செய்வதை அறிந்திருந்தானா? தன்னைத் தடுத்துக்கொள்ள அவனுக்குச் சக்தி இருந்ததா?" என்பதே சரியான கேள்வி.

நம் நாட்டுத் தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டிலிருந்தே இதில் பாதியைக் கேட்டுவருகிறது. சித்தசுவாதீனம் இல்லாமையால் தன் செயலின் தன்மையையோ, அது தவறு என்பதையோ அறிய இயலாதவன் செய்தது குற்றமன்று என்று அதன் 77ஆம் பிரிவு சொல்கிறது. பிள்ளைகளைப் பற்றிய விதி 2018இல் திருத்தப்பட்டு, பன்னிரண்டு வயதுக்குக் குறைந்தவர் செய்வது குற்றமாகாது என்று ஆக்கப்பட்டது. மூளை முதிராத பிள்ளையை முதிர்ந்தவனைப்போல் நிறுத்தித் தண்டிக்கக் கூடாது என்பதை உயிரியலும் ஒப்புக்கொள்கிறது.

மற்றப் பாதியை நம் பிள்ளைகள் ஞானோபதேசத்தில் படிக்கிறார்கள். சாவான பாவத்துக்கு மூன்று வேண்டும்: கனமான காரியம், முழு அறிவு, முழுச் சம்மதம். வேர்ஜீனியா ஆசிரியருக்கு அறிவு இருந்தது, தாம் செய்வது தவறென்று அவருக்குத் தெரியும். குறைந்திருந்தது சம்மதத்தின் முழுமை. பயம், பழக்கம், மனநோய் போன்றவை பொறுப்பைக் குறைக்கலாம் என்று திருச்சபையின் மறைக்கல்வி நூலும் போதிக்கிறது. ஆகவே மூளையைப் பற்றிய புதிய அறிவு நம் விசுவாசத்துக்கு விரோதி அன்று. நல்ல குருவானவர் ஒருவர் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் இருந்து எடைபோட்டுப் பார்ப்பதையே அது இன்னும் நுட்பமாக எடைபோட உதவுகிறது.

ஆனால் பொறுப்புக் குறைவது வேறு, பொறுப்பே இல்லாமல் போவது வேறு. முற்கோபம் பிறவிக்குணமாக உள்ள ஒருவனை எடுத்துக்கொள்வோம். வெறி ஏறிக் கத்தியைத் தூக்கிய அந்த நிமிடத்தில் அவனுக்குச் சக்தி குறைவாக இருந்திருக்கலாம். ஆனால் அன்று மாலை சம்பளக் காசோடு கசிப்பு விற்கும் வீட்டுப் பக்கம் திரும்பினானே, அப்போது அவன் கால் அவன் வசத்தில்தான் இருந்தது. தன் பலவீனம் தெரிந்தவனுக்குப் பாவச் சமயத்தை விலக்கும் கடமை மற்றவனைவிட அதிகம். "என் உடம்பு அப்படி" என்று அறிந்துகொள்வது சாக்குக்காக அன்று, எச்சரிக்கையாக இருப்பதற்காக. தானே விரும்பிக் குடித்து வெறித்தவனுக்குச் சட்டமும் சித்தசுவாதீனமற்றவனின் சலுகையைக் கொடுப்பதில்லை.

இரக்கம்போலத் தோன்றும் ஆபத்து

"குற்றவாளி நோயாளி, தண்டிக்காதீர்கள், குணப்படுத்துங்கள்" என்று கேட்கும்போது அது கிறிஸ்தவ இரக்கமாகவே தோன்றும். ஆனால் சற்று யோசிக்க வேண்டும். நீதவான் ஐந்து ஆண்டு என்றால் ஐந்து ஆண்டில் கதவு திறக்கும். "குணமாகும்வரை" என்றால் கதவு எப்போது திறக்கும்? பிறவியிலேயே ஆபத்தானவன் என்று முத்திரை குத்தினால் அவன் ஒருநாளும் வெளியே வரவேண்டியதில்லை. 2009இல் இத்தாலியின் திரியெஸ்தே மேல்முறையீட்டு நீதிமன்றம், பரம்பரையலகைக் காரணங்களில் ஒன்றாகக் கொண்டு, ஒரு கொலைகாரனுக்கு ஓராண்டு தண்டனையைக் குறைத்தது. வேறொரு நீதிபதி அதே பரம்பரையலகைப் பார்த்து, "இவன் மறுபடியும் செய்வான்" என்று ஓராண்டு கூட்டியிருக்கலாம். ஒரே கத்திக்கு இரு பக்கமும் கூர்.

அந்தக் கத்தி எங்கே கொண்டுபோய் விட்டது என்பதும் சரித்திரம். கெட்ட பரம்பரையைத் தடுக்கிறோம் என்று அமெரிக்காவில் அறுபதாயிரத்துக்கு மேற்பட்டோருக்குப் பலவந்தமாகக் கருத்தடை செய்தார்கள். 1927இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே அதை அனுமதித்தது. படித்தவர் பலர் கைதட்டிய அந்த வேளையில், 1930 டிசம்பர் 31ஆம் திகதி பாப்பரசர் 11ஆம் பத்திநாதர் திருமணத்தைப் பற்றிய தம் சுற்றுமடலில் அதைக் கண்டித்தார். குற்றம் செய்யாத ஒருவருடைய உடம்பின்மேல் அரசுக்கு இப்படி அதிகாரம் இல்லை என்பது அவர் போதனை. மூன்றாண்டுகளில் ஹிட்லரின் ஜெர்மனி அதே பாதையில் சட்டம் இயற்றியது.

ஒரு வாசகர் இடைமறித்துக் கேட்கலாம்: "நாமும் சென்மப் பாவம் என்று போதிக்கிறோமே, அதுவும் பிறப்பில் வருவதுதானே?" நல்ல கேள்வி. ஆனால் வித்தியாசம் பெரிது. லொம்புரோசோ மனிதரை இரண்டாகப் பிரித்தார்: பிறவிக் குற்றவாளிகள் அந்தப் பக்கம், நாம் இந்தப் பக்கம். சென்மப் பாவப் போதனை அப்படிப் பிரிப்பதில்லை. தீமைக்கான சாய்வு நீதிபதிக்கும் கைதிக்கும், பங்குக் குருவுக்கும் பங்கு மக்களுக்கும் ஒன்றாகவே உண்டு என்கிறது. சுயாதீனம் பலவீனமடைந்தது, அழிந்துபோகவில்லை என்று திரிதெந்தின் சங்கம் போதித்தது. பிதாக்களின் பாவத்துக்குப் பிள்ளை சாவதில்லை என்று எசேக்கியேல் இறைவாக்கினர் முழங்கினார். பிறவிக் குருடனைக் கண்டு, "பாவம் செய்தது இவனா, இவன் பெற்றோரா?" என்று சீடர் கேட்டபோது, இரண்டும் இல்லை என்று ஆண்டவர் மறுத்து, அவனுக்குப் பார்வை கொடுத்தார். கேள்விக்கு விடை சொன்னதோடு அவர் நிற்கவில்லை, செய்ய வேண்டியதைச் செய்தார்.

மொரீசியசிலிருந்து ஒரு பாடம்

செய்ய வேண்டியது என்ன என்பதற்கு ஒரு நல்ல சான்று மொரீசியஸ் தீவிலிருந்து கிடைக்கிறது. கரும்புத் தோட்டங்களுக்காக இந்தியாவிலிருந்து, தமிழர் உட்பட, ஆயிரமாயிரம் பேரைக் கொண்டுபோன தீவு அது. ஆகவே நமக்கு உறவுமுறையான ஊர் என்றே சொல்லலாம். அங்கே 1972இல் மூன்று வயதான 1,795 பிள்ளைகளைப் பற்றிய நீண்டகால ஆய்வு தொடங்கியது. அவர்களில் நூறு பிள்ளைகளை மட்டும் தெரிந்து, மூன்று வயதிலிருந்து ஐந்து வயதுவரை நல்ல பாலர் பள்ளியில் சேர்த்தார்கள். பால், பழம், மீன், இறைச்சியோடு சத்துணவு, தினமும் ஓடியாடி விளையாட்டு, கனிவான ஆசிரியர்கள். இவ்வளவுதான். இருபத்து மூன்று வயதில் விசாரித்தபோது, தாம் செய்ததாக அவர்களே ஒப்புக்கொண்ட குற்றங்கள், இந்தக் கவனிப்புக் கிடைக்காத ஒத்த பிள்ளைகளைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தன. மூன்று வயதில் போசாக்குக் குறைந்திருந்த பிள்ளைகளே அதிகம் பயன் பெற்றார்கள்.

இதுவும் உயிரியல் விளக்கம்தான். ஆனால் இது பிள்ளையின்மேல் முத்திரை குத்தவில்லை, பெரியவர்களிடம் கணக்குக் கேட்கிறது. மூளை வளரும் வயதில் சத்து இல்லாமை, கர்ப்பிணியாய் இருக்கும்போது மது, தலையில் விழும் அடி, ஈயம் கலந்த நஞ்சு இவையெல்லாம் பிற்காலத்தில் கோபத்தை அடக்கும் சக்தியைக் குறைக்கும் என்று அறிகிறோம். 2016ஆம் ஆண்டின் குடிசன சுகாதார அளவீட்டின்படி ஐந்து வயதுக்குக் குறைந்த இலங்கைப் பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர் 17 வீதம், தோட்டப்புறத்திலோ அது 32 வீதம். இந்த மூன்றிலொரு பிள்ளையின் தட்டில் இல்லாத முட்டையைப் பற்றிப் பேசாமல், பதினைந்து ஆண்டுகளின்பின் அவன் இரத்தத்தைப் பற்றிப் பேசுவது நியாயமா?

ஆகவே வீடுகளில் செய்யக்கூடியவை சில உண்டு. பிள்ளையை அதட்டும்போது, "அப்பனைப் போலவே வந்து பிறந்திருக்கிறாய்" என்ற சொல்லை விட்டுவிட வேண்டும். செய்த காரியத்தைக் கண்டிக்கலாம், பிறப்பைக் கண்டிக்கலாகாது. திருத்திக்கொள்ள முடியாத ஒன்றைச் சொல்லிக் கண்டித்தால், "நான் இப்படித்தான்" என்று பிள்ளை நம்பத் தொடங்கிவிடும். 1970களில் அமெரிக்காவின் பொஸ்டனில், பிறக்கும் ஆண் பிள்ளைகளுக்கு இரட்டை வை இருக்கிறதா என்று சோதித்துப் பெற்றோருக்குச் சொல்லும் திட்டத்தை 1975இல் நிறுத்த வேண்டி வந்தது. காரணம் இதுதான். பிள்ளையின் சாதாரணப் பிடிவாதத்தையும் பயத்தோடு பார்க்கிற பெற்றோர் அந்தப் பயத்தையே உண்மையாக்கிவிடலாம் என்று பலர் எச்சரித்தார்கள்.

பிள்ளையிடம் மெய்யாகவே அசாதாரணமான மூர்க்கமோ, இரக்கமின்மையோ கண்டால் வெட்கப்பட்டு மூடிவைக்காமல் வைத்தியரிடம் காட்ட வேண்டும். காய்ச்சலுக்குக் காட்டுவதில் வெட்கம் இல்லையே. வீட்டில் குடியும் அடியும் இருந்தால் அதை முதலில் நிறுத்த வேண்டும், ஏனெனில் டனிடின் ஆய்வு காட்டிய ஆபத்து அந்த இடத்தில்தான் விளைந்தது.

பங்குகளுக்கும் ஒரு வேண்டுகோள். பல்லேகலையில் அடைக்கப்பட்டிருப்பவர்களைச் சந்திக்கப் போகிறவர்கள் நம்மிடையே உண்டு; அது ஆண்டவர் தமக்கே செய்ததாக ஏற்றுக்கொள்ளும் தொண்டு. ஆனால் மறியலுக்குப் போனவனுடைய மனைவியும் பிள்ளைகளும் ஊரில்தான் இருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளை மறைப்பள்ளியில் எந்த வாங்கில் இருக்கிறது, அதன் பக்கத்தில் தம் பிள்ளையை உட்காரவிட யாருக்கு மனம் இருக்கிறது என்று பாருங்கள். புதுநன்மைக்கு அந்தப் பிள்ளைக்கு உடுப்பு இருக்கிறதா, பாடசாலைக்குப் போகிறதா என்று விசாரியுங்கள். அந்த வீட்டிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தால், பெண்ணையோ மாப்பிள்ளையையோ பார்த்து முடிவு செய்யுங்கள், சிறைப்பதிவேட்டைப் பார்த்து அன்று.